படம் ஏன் மணல் மணலா இருக்கு?

(மின்னணுவியல் மற்றும் தொடர்பியல், மூன்றாமாண்டு)

நம் கல்லூரியில் விழா என்றால் இப்போது மேடைக்குக் கீழே ஒரு வரிசை முழுக்கக் கேமராக்கள். அண்ணன் வாங்கிக் கொடுத்தது, பகுதிநேர வேலை பார்த்துச் சேர்த்து வாங்கியது, மாமாவிடம் இரவல் வாங்கியது என்று பல ரகம். விழா முடிந்து மறுநாள் விடுதி அறையில் லேப்டாப்பைத் திறந்து பார்க்கும்போதுதான் ஒரே குரலில் ஒரு கேள்வி வருகிறது: “என்னடா இது, படம் பூரா மணல் கொட்டின மாதிரி இருக்கு?”

அந்த மணலைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அதற்கு நாய்ஸ் என்று பெயர், தமிழில் இரைச்சல். காதால் கேட்கிற இரைச்சலுக்கும் கண்ணால் பார்க்கிற இந்த மணலுக்கும் கணக்கு ஒன்றேதான். மின்னணுவியல் படிக்கிறவர்களுக்கு இது பாடத்தில் வருகிற சமாச்சாரம். மற்ற துறை நண்பர்கள் பயப்பட வேண்டாம். கூட்டல், பெருக்கல், வர்க்கமூலம் தெரிந்தால் போதும்.

ரா என்றால் என்ன?

கேமராவில் படம் இரண்டு விதமாகப் பதிவாகும். ஒன்று ஜேபெக். இது சமைத்துப் பரிமாறிய சாப்பாடு. நிறம், பளிச்சு, கூர்மை எல்லாவற்றையும் கேமராவே தீர்மானித்து, ஒரு வண்ணத்துக்கு 8 பிட், அதாவது 256 படிகளுக்குள் சுருக்கிக் கொடுத்துவிடும். இன்னொன்று ரா. இது அரிசி பருப்பு. சென்சார் அளந்த எண்கள் 12 பிட் என்றால் 4096 படிகளாகவும், 14 பிட் என்றால் 16384 படிகளாகவும் அப்படியே கிடைக்கும். சமைப்பது நம் பொறுப்பு. சமைக்க டார்க்டேபிள், ரா தெரப்பி என்று இலவச மென்பொருள்கள் உண்டு. லினக்ஸிலும் ஓடும், விண்டோஸிலும் ஓடும். காசு கொடுத்து வாங்கித்தான் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதில்லை.

ராவில் எடுக்கத் தொடங்கியதும் எல்லோருக்கும் முதலில் விழுகிற அடி ஒன்று உண்டு. கேமரா திரையில் பளிச்சென்று இருந்த படம், கம்ப்யூட்டரில் திறந்ததும் மங்கலாக, இருட்டாகத் தெரியும். “ஃபைல் கெட்டுப் போச்சா?” என்று சிலர் அலறுவார்கள். கெடவில்லை. கேமரா திரையில் நீங்கள் பார்த்தது ரா அல்ல. அதற்குள்ளேயே சேர்த்து வைத்திருக்கும் ஒரு சின்ன ஜேபெக். அதற்குக் கேமரா தன் கைச்சரக்கைப் போட்டிருக்கும். இருட்டுப் பகுதியைத் தானாகத் தூக்கிவிடுகிற வசதியை கேனான் ஒரு பெயரில் தருகிறது, நிக்கான் இன்னொரு பெயரில் தருகிறது. வெளி மென்பொருள் அதையெல்லாம் அப்படியே எடுத்துக்கொள்ளாது. ஆகவே இரண்டும் ஒன்றுபோல் இராது. டார்க்டேபிள் இதைத் தெரிந்துவைத்துக்கொண்டு, திறந்தவுடனேயே சுமார் 0.7 ஸ்டாப் வெளிச்சத்தைக் கூட்டித்தான் காட்டும்.

அதற்கு மேலும் படம் இருட்டாக இருந்தால், அது உண்மையிலேயே வெளிச்சம் பற்றாத படம். இனி மணலுக்கு வருவோம்.

மழையும் பாத்திரமும்

முற்றத்தில் ஒரே அளவான ஆயிரம் டம்ளர்களை வரிசையாக வைத்திருக்கிறோம். மழை பெய்கிறது. பலத்த மழை ஒரு மணி நேரம் பெய்தால் எல்லா டம்ளரிலும் ஏறக்குறைய ஒரே மட்டத்துக்குத் தண்ணீர் இருக்கும். நாலு தூறல் போட்டு நின்றுவிட்டால்? ஒரு டம்ளரில் மூன்று சொட்டு, பக்கத்து டம்ளரில் ஒன்று, அடுத்ததில் ஒன்றுமே இல்லை. மழை எல்லா இடத்திலும் ஒரே மாதிரிதான் பெய்தது. ஆனால் சொட்டு என்பது சொட்டுச் சொட்டாகத்தானே விழும்?

சென்சாரும் அப்படித்தான். ஒவ்வொரு பிக்ஸலும் ஒரு டம்ளர். வெளிச்சம் ஃபோட்டான் ஃபோட்டானாக விழுகிறது. சராசரியாக ஒரு பிக்ஸலில் 10000 ஃபோட்டான் பதிவானால், அதில் ஏற்ற இறக்கம் அதன் வர்க்கமூலம், அதாவது 100. நூற்றில் ஒரு பங்கு, கண்ணுக்குத் தெரியாது. சராசரி 100 என்றால் ஏற்ற இறக்கம் 10. பத்தில் ஒரு பங்கு. மணல் தெரிய ஆரம்பித்துவிடும். இதற்கு ஷாட் நாய்ஸ் என்று பெயர். 1918-இல் வால்டர் ஷாட்கி வால்வுக் குழாய்களில் ஓடும் மின்னோட்டத்தில் கண்டு சொன்ன அதே விஷயம். அங்கே எலக்ட்ரான் சொட்டு, இங்கே ஃபோட்டான் சொட்டு.

ஆகவே ஒன்றை மனதில் எழுதிக்கொள்ளுங்கள். மணலில் பெரும்பங்கு கேமராவின் குற்றமில்லை. அது வெளிச்சத்தின் சுபாவம். எவ்வளவு விலையுயர்ந்த கேமராவாக இருந்தாலும் விழாத ஃபோட்டானை எண்ண முடியாது.

இரண்டாவது ஆள் ரீட் நாய்ஸ். டம்ளரில் உள்ள தண்ணீரை அளக்கும்போது அளவுகோலே கொஞ்சம் ஆடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிக்ஸலைப் படித்து, பெருக்கி, எண்ணாக மாற்றும் சர்க்யூட்டில் சேர்கிற இரைச்சல் இது. வெளிச்சம் கூடினாலும் குறைந்தாலும் இது ஏறக்குறைய ஒரே அளவுதான். நல்ல வெளிச்சத்தில் இதை யாரும் கவனிக்கமாட்டார்கள். இருட்டில் இதுதான் ராஜா.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்குத்தான். சரியான எக்ஸ்போஷரில் ஒரு முகம் 5000 எலக்ட்ரான் கொடுக்கிறது, ரீட் நாய்ஸ் 5 எலக்ட்ரான் என்று கொள்வோம். மொத்த இரைச்சல், 5000-உம் 25-உம் கூட்டி வர்க்கமூலம்: சுமார் 71. சிக்னலை இரைச்சலால் வகுத்தால் 70. டெசிபலில் 37. அருமையான படம்.

இப்போது அதே முகத்தை 5 ஸ்டாப் குறைவாக எடுக்கிறோம். ஒரு ஸ்டாப் என்றால் பாதி; 5 ஸ்டாப் என்றால் 32-இல் ஒரு பங்கு. சிக்னல் 156. இரைச்சல் சுமார் 13.5. விகிதம் 11.6, அதாவது 21 டெசிபல். மணல் நன்றாகத் தெரியும், ஆனால் முகம் முகமாக இருக்கும்.

அதே படத்தில் நிழலில் நிற்கிற ஒருவர், முகத்தைவிட இன்னும் 4 ஸ்டாப் இருட்டில் இருந்தால்? சிக்னல் 10 எலக்ட்ரான், இரைச்சல் சுமார் 6. விகிதம் 1.7. அங்கே யார் நின்றார் என்றே சொல்ல முடியாது. சரியாக எடுத்திருந்தால் அதே நிழலில் 312 எலக்ட்ரான் கிடைத்து விகிதம் 17 வந்திருக்கும். இந்த 1.7 என்கிற எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரப்போகிறது.

ஐ.எஸ்.ஓ. மேல் போட்ட பழி

“ஐ.எஸ்.ஓ. கூட்டினா நாய்ஸ் வரும், 100-லேயே வெச்சுக்கோ மச்சான்.” இந்த உபதேசத்தைக் கேட்காதவர் நம்மில் யாரும் இருக்க முடியாது. பாதி உண்மை. அதனால்தான் முழு ஆபத்து.

ஐ.எஸ்.ஓ. என்பது சென்சாருக்குள் ஒரு ஃபோட்டானைக்கூட அதிகம் சேர்ப்பதில்லை. அது வெறும் பெருக்கம். ஐ.எஸ்.ஓ. 3200-இல் எடுத்த படத்தில் மணல் அதிகம் தெரியக் காரணம், அந்த எண்ணை வைக்கிற இடத்தில் வெளிச்சம் குறைவாக இருக்கிறது என்பதுதான். காய்ச்சல் வந்தவனிடம் தெர்மாமீட்டர் இருக்கிறது; அதனால் தெர்மாமீட்டர்தான் காய்ச்சலைக் கொண்டுவந்தது என்று சொல்லலாமா?

நம் அப்பா காலத்தில் வீட்டு மாடியில் டி.வி. ஆன்டெனா இருக்கும். சிக்னல் பலவீனம் என்றால் பூஸ்டர் வைப்பார்கள். விவரம் தெரிந்த மெக்கானிக் பூஸ்டரை மேலே, ஆன்டெனா கம்பத்திலேயே கட்டுவார்; கீழே டி.வி. பக்கத்தில் வைக்கமாட்டார். ஏன்? கேபிளில் இழப்பு சேர்வதற்கு முன்பே சிக்னலைப் பெருக்கிவிட்டால், பின்னால் சேர்கிற இரைச்சல் அதை ஒன்றும் செய்யாது. கீழே வைத்தால் சிக்னலோடு சேர்ந்து இரைச்சலும் பெருகும். திரை பூரா எறும்பு ஊரும்.

கேமராவில் ஐ.எஸ்.ஓ. கம்பத்து பூஸ்டர். கம்ப்யூட்டரில் வெளிச்சத்தைத் தூக்குகிற ஸ்லைடர் டி.வி. பக்கத்து பூஸ்டர். சில புதிய சென்சார்களில் பின்னால் சேர்கிற இரைச்சல் மிகக் குறைவு. அவற்றில் எங்கே பெருக்கினாலும் பெரிய வித்தியாசம் இராது. பழைய மாடல்களில் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். நம் கையில் இருப்பது பெரும்பாலும் இரண்டாம் கைக் கேமரா. ஆகவே விதி இதுதான்: முதலில் லென்ஸைத் திற. அடுத்து, அசைவு மங்காத அளவுக்கு ஷட்டர் நேரத்தைக் கூட்டு. இவை இரண்டும்தான் உண்மையான வெளிச்சத்தைச் சேர்ப்பவை. அப்புறமும் பற்றாவிட்டால் தயங்காமல் ஐ.எஸ்.ஓ.வைக் கூட்டு. ஒன்றே ஒன்று, வெள்ளைச் சட்டை வெந்து வெளிறிப் போகக் கூடாது. சென்சார் நிரம்பி வழிந்த இடத்தில் எந்த ராவாலும் ஒன்றும் மீட்க முடியாது.

டாக்டர் கேட்கும் ஐந்து கேள்விகள்

படம் இருட்டு, மணல் என்று யாராவது வந்தால் உடனே ஸ்லைடரில் கை வைக்க வேண்டாம். முதலில் இந்த ஐந்தையும் கேளுங்கள்.

ஒன்று: எடுத்த விவரம் என்ன? ரா ஃபைலுக்குள் ஷட்டர், அப்பர்ச்சர், ஐ.எஸ்.ஓ. மூன்றும் எழுதியிருக்கும். அதைப் பார்த்தாலே பாதி வியாதி தெரிந்துவிடும்.

இரண்டு: கேமரா எதைப் பார்த்து ஏமாந்தது? கேமராவின் மீட்டர் பார்க்கிற எதையும் நடுத்தரச் சாம்பல் என்றே நினைக்கும். வெள்ளைச் சுவர், வெள்ளை வேட்டி, பின்னால் ஜன்னல், மேடையில் கண்ணைக் கூசுகிற விளக்கு – இவற்றில் ஒன்று சட்டத்துக்குள் வந்தால் “அடேயப்பா, எவ்வளவு வெளிச்சம்!” என்று எண்ணி படத்தைக் குறைத்துவிடும். அப்போது எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை ஒரு ஸ்டாப் கூட்டி வைக்க வேண்டும்.

மூன்று: எதைப் பார்த்து நாம் ஏமாந்தோம்? இருட்டு மண்டபத்தில் கேமரா திரை டார்ச் லைட் மாதிரி ஜொலிக்கும். 3 ஸ்டாப் குறைந்த படம்கூட அங்கே அழகாகத் தெரியும். திரையை நம்பாதீர்கள்; ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். மலை முழுவதும் இடது ஓரத்தில் குவிந்திருந்தால் அபாயச் சங்கு. அந்த ஹிஸ்டோகிராமும் ஜேபெக்கிலிருந்து போடுவதுதான். ஆனாலும் திரையைவிட ஆயிரம் மடங்கு யோக்கியமானது.

நான்கு: அது மணல்தானா? நிறமில்லாத பொடி என்றால் ஷாட் நாய்ஸ். சிவப்பும் பச்சையும் நீலமுமாகத் திட்டுத் திட்டாக இருந்தால் நிற இரைச்சல். எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் ஒரே புள்ளி எரிந்தால் ஹாட் பிக்ஸல். இருட்டைத் தூக்கும்போது மெல்லிய கோடுகள் தெரிந்தால் சர்க்யூட்டின் வரி இரைச்சல். வெளிச்சமான இடத்திலும் அகலமான பட்டைகள் தெரிந்து, படத்துக்குப் படம் இடம் மாறினால் அது இரைச்சலே அல்ல, விளக்கின் துடிப்பு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய சோக் போட்ட டியூப்லைட் விநாடிக்கு 100 முறை துடிக்கும். ஷட்டரை 1/100 அல்லது 1/50-இல் வைத்தால் முழுத் துடிப்புகள் அடங்கிவிடும், பட்டை போய்விடும். கடைசியாக, கை ஆடி மங்கிய படத்தை மணல் என்று எண்ணித் தேய்த்துக்கொண்டிருக்காதீர்கள். அதற்கு வைத்தியம் வேறு.

ஐந்து: விளக்கு என்ன நிறம்? இது பலருக்குத் தெரியாத கேள்வி. கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற அமைப்புதான் இன்றும் பெரும்பாலான சென்சார்களின் மேல் இருக்கிறது. பாதிப் பிக்ஸல்களுக்குப் பச்சைக் கண்ணாடி, கால் பங்குக்குச் சிவப்பு, கால் பங்குக்கு நீலம். மஞ்சள் குண்டு பல்பில் நீலம் மிகக் குறைவு. வெள்ளையை வெள்ளையாகக் காட்ட மென்பொருள் நீலத்தை இரண்டு மூன்று மடங்கு பெருக்கும். ஏற்கெனவே பட்டினியாய்க் கிடந்த நீலத்தில் இருந்த இரைச்சலும் கூடவே பெருகும். முகத்தில் நீலப் புள்ளிகள் வருவது அதனால்தான்.

சமையல் வரிசை

முதலில் வெளிச்சத்தைத் தூக்குங்கள். மணல் எவ்வளவு என்பது தூக்கிய பிறகுதான் தெரியும். அதற்கு முன் இரைச்சலைத் துடைப்பது, விளக்கைப் போடாமல் அறையைப் பெருக்குவது போல.

அடுத்து வெள்ளைச் சமநிலை. ரொம்ப இருண்ட பகுதி ஊதாவாகவோ பச்சையாகவோ மாறினால், அங்கே தூக்குவதை நிறுத்துங்கள். கறுப்பு கறுப்பாகவே இருக்கட்டும். நிழல் என்பது ஒரு குற்றமல்ல.

பிறகு நிற இரைச்சல். இதைத் தாராளமாகத் துடைக்கலாம். நம் கண் நிறத்தின் நுணுக்கத்தை அவ்வளவு கூர்மையாகப் பார்ப்பதில்லை. டார்க்டேபிளில் டீநாய்ஸ் ப்ரொஃபைல்டு என்ற பகுதி உண்டு. ஒவ்வொரு கேமரா மாடலுக்கும், ஒவ்வொரு ஐ.எஸ்.ஓ.வுக்கும் இரைச்சலை அளந்து வைத்த அட்டவணையைக் கொண்டு வேலை செய்யும். நிறைய ஸ்டாப் தூக்கிய படத்துக்கு அதன் ஸ்ட்ரெங்த்தை நாமே கூட்ட வேண்டியிருக்கும்.

அப்புறம் ஒளி இரைச்சல். இதில் கஞ்சத்தனம் வேண்டும். முழுவதும் துடைத்தால் முகம் மெழுகு பொம்மை ஆகிவிடும். தலைமுடி தனித்தனியாகத் தெரியாமல் தார் பூசிய மாதிரி ஆகும்.

கடைசியில் கூர்மை. அதுவும் கண், மீசை, புடவைக் கரை போன்ற விளிம்புகளில் மட்டும். எல்லா இடத்திலும் கூட்டினால், துடைத்த மணலை நாமே திரும்ப அள்ளிக் கொட்டியதாகும்.

இன்னொரு முக்கியமான சங்கதி. நூறு சதவீதம் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு மனம் உடைந்து போகாதீர்கள். 24 மெகாபிக்ஸல் படம் 6000 பிக்ஸல் அகலம். அதை 6 அங்குல அகலத்தில், அங்குலத்துக்கு 300 பிக்ஸல் வீதம் அச்சடித்தால் 1800 பிக்ஸல்தான் தேவை. அதாவது ஏறக்குறைய 11 பிக்ஸல்களின் சராசரி ஒரு பிக்ஸல். 11-இன் வர்க்கமூலம் 3.3. மணல் அந்த அளவுக்கு வகுபட்டுவிடும். சின்னதாக அச்சடிப்பது தோல்வியல்ல. அதுவே ஒரு வைத்தியம்.

அசையாத பொருளானால் இன்னும் சௌகரியம். லேத் மெஷினையோ ப்ராஜெக்ட் மாடலையோ ஸ்டாண்டில் கேமராவை வைத்து 4 படம் எடுத்துச் சராசரி போட்டால் மணல் பாதி. 16 படம் என்றால் கால்வாசி. மனிதர்களை இப்படி எடுக்க முடியாது. மனிதர்கள் ஒரே ஒரு முறைதான் சிரிப்பார்கள்.

நம் ஒர்க்‌ஷாப்பில் நடந்தது

இதையெல்லாம் ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் என்றால், இந்த ஆண்டு நடந்த ஒரு காரியம்தான் காரணம். வெல்டிங் பிரிவில் நமக்கெல்லாம் கை பிடித்துச் சொல்லிக்கொடுத்த சார் ஓய்வு பெற்றார். பாராட்டு விழா பழைய ஒர்க்‌ஷாப் கொட்டகையிலேயே வேண்டும் என்று அவர்தான் கேட்டுக்கொண்டார். உயரமான கூரை, மூலைக்கொன்றாக டியூப்லைட். படம் எடுக்கும் பொறுப்பு மெக்கானிக்கல் நண்பன் ஒருவனுக்கு. 140 படங்கள், எல்லாம் ராவில். எல்லாம் ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 5.6, ஷட்டர் 1/125. “நாய்ஸ் வரக்கூடாதுன்னுதான்டா நூறுல வெச்சேன்” என்றான். அவன் மேல் தப்பில்லை. அவனுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

ஃபைல்கள் என்னிடம் வந்தன. 5 ஸ்டாப் குறைவு. மேலே போட்ட கணக்கு அந்தப் படங்களை மனதில் வைத்துத்தான். அதே லென்ஸில் கொஞ்சம் முன்னால் போய் நின்று எஃப் 4 வைத்து, ஷட்டரை 1/60 ஆக்கியிருந்தால் வெளிச்சம் 4 மடங்கு. மீதி 3 ஸ்டாப்புக்கு ஐ.எஸ்.ஓ. 800. சார் மேடையில் ஓடவில்லை, உட்கார்ந்துதான் இருந்தார், 1/60 தாராளம்.

சார் வீட்டில் இரண்டு படம் கேட்டிருந்தார்கள். ஒன்று, பொன்னாடை போர்த்தும் படம். 12-க்கு 8 அங்குலத்தில் கூடத்தில் மாட்ட. இன்னொன்று, சாரின் தாயார் இருக்கும் படம். கிராமத்திலிருந்து அந்த அம்மாவைக் காரில் வைத்து, இரண்டு பேர் தாங்கிப் பிடித்து அழைத்து வந்திருந்தார்கள். மகன் வேலை பார்த்த இடத்தை அவர்கள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பொன்னாடைப் படத்தில் முகம் 11.6 விகிதத்தில் இருந்தது. நிற இரைச்சலைத் துடைத்தேன், மணலைக் கொஞ்சம் விட்டேன். 12 அங்குலத்துக்கு 3600 பிக்ஸல் வேண்டும் என்பதால் சராசரியின் லாபம் அவ்வளவு கிடைக்கவில்லை. கறுப்பு வெள்ளையாக மாற்றினேன். மாற்றும்போது நீலத்தின் பங்கை நன்றாகக் குறைத்துவிட்டால் மணலில் பெரும்பகுதி அதோடு போய்விடும். பார்க்க அந்தக் காலத்து ஸ்டுடியோ படம் போல வந்தது.

நண்பன் விடவில்லை. செயற்கை நுண்ணறிவால் இரைச்சல் நீக்கும் மென்பொருள் ஒன்றில் அதே படத்தைப் போட்டான். இப்போது அப்படிப் பல இருக்கின்றன. அடோபி லைட்ரூமிலேயே 2023-இல் அந்த வசதி வந்துவிட்டது. மணல் துளிகூட இல்லை; பளிங்கு மாதிரி. இரண்டையும் எடுத்துக்கொண்டு போய்ச் சாரிடம் காட்டினோம். பளிங்குப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். “யாருப்பா இது, என் தம்பியா?” என்றார். அப்புறம்தான் எங்களுக்கு உறைத்தது. சாரின் தாடைப் பக்கம் வெல்டிங் பொறி தெறித்த தழும்பு ஒன்று உண்டு. மூன்று வருஷமாக நாம் பார்த்த தழும்பு. அதை மென்பொருள் மணலோடு மணலாகத் துடைத்துவிட்டது. அதற்குத் தழும்பு தெரியாது. ஆயிரக்கணக்கான படங்களைப் பார்த்து ‘தோல் என்றால் இப்படித்தான் வழவழப்பாக இருக்கும்’ என்று கற்றிருக்கிறது. சார் மணல் படத்தைத்தான் எடுத்துக்கொண்டார். இப்போது கூடத்தில் மாட்டியிருக்கிறது.

நான் அந்த வகை மென்பொருளே கூடாது என்று சொல்லவில்லை. பூ, கட்டடம், கூட்டம் என்றால் தாராளமாகப் போடலாம். தெரிந்த முகம் என்றால், அளவைப் பாதியாகக் குறைத்துப் போட்டு, முன்னும் பின்னும் வைத்துப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

தாயார் இருந்த படம்? அவர்கள் பின்வரிசையில், தூணின் நிழலில், சக்கர நாற்காலியில். எல்லா ஸ்லைடரையும் தள்ளிப் பார்த்தேன். புடவையின் வெள்ளை தெரிகிறது, கை தெரிகிறது, முகம் இருக்க வேண்டிய இடத்தில் 1.7. சிக்னல் எது, இரைச்சல் எது என்று பிரிக்க முடியாத எண். அதையும் நுண்ணறிவு மென்பொருளில் போட்டோம். ஒரு முகம் வந்தது. ஆனால் அது அந்த அம்மாவின் முகமில்லை; ஏதோ ஒரு பாட்டியின் முகம். அதை நாங்கள் கொடுக்கவில்லை. “அந்தப் படம் சரியா விழலீங்க சார்” என்று மட்டும் சொன்னோம். சார் “பரவாயில்லப்பா” என்றார். சொன்ன விதத்தில் பரவாயில்லை என்று இல்லை.

அடுத்த விழாவுக்கு முன்

நோட்டுப் புத்தகத்தின் பின் அட்டையில் எழுதி வைத்துக்கொள்ளச் சில குறிப்புகள்.

விழா தொடங்குவதற்கு அரைமணி முன்னால் போய், மேடையில் யாரையாவது உட்காரவைத்து ஒரு படம் எடுங்கள். ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். முகத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஷட்டர் 1/60, பேசுகிறவர்களுக்கு 1/125, நடனத்துக்கு 1/250-க்குக் குறையாமல். லென்ஸை அது எவ்வளவு திறக்குமோ அவ்வளவு திறந்து வையுங்கள். மீதியை ஐ.எஸ்.ஓ. பார்த்துக்கொள்ளும், 1600-ஐக் கண்டு நடுங்க வேண்டாம்.

கிட் லென்ஸில் ஜூம் போட்டால் அப்பர்ச்சர் தானாகவே சுருங்கும். ஜூம் செய்வதற்குப் பதில் காலால் நடந்து கிட்டப் போங்கள். இரவலாக 50 மில்லிமீட்டர், எஃப் 1.8 லென்ஸ் கிடைத்தால் விடாதீர்கள், எஃப் 5.6-ஐவிட ஒன்பது மடங்குக்கு மேல் வெளிச்சம் தரும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, நிழலில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். மேடையில் இருப்பவர்களை எப்படியும் பத்துப் பேர் படம் எடுத்துவிடுவார்கள். பின்வரிசையில் தூணுக்குப் பக்கத்தில் இருக்கும் பாட்டியை யாரும் எடுக்கமாட்டார்கள். நாற்காலியை ஐந்தடி நகர்த்தி டியூப்லைட்டுக்குக் கீழே வைக்கச் சொல்லக் காசு ஆகாது, மென்பொருள் வேண்டாம். அந்த ஐந்தடியில் கிடைக்கிற ஃபோட்டானை அப்புறம் எந்த லேப்டாப்பும் கொடுக்காது.

சந்தேகம் இருந்தால் மாலையில் எலக்ட்ரானிக்ஸ் லேப் பக்கம் வாருங்கள். ஃபைலை ராவாகவே கொண்டு வாருங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிச் சுருங்கிப் போனதைக் கொண்டுவந்து நீட்டாதீர்கள். சேர்ந்து பார்ப்போம்.